சாவின் காரணமும் செலவின் பொறுப்பும்: ஊவாத் தோட்டங்களில் திடீர் மரண விசாரணையும் உள்ளூராட்சி நிதியும்

1. கேள்வி

ஊவா மாகாணத் தோட்டமொன்றில் ஒருவர் திடீரென இறந்துபோனால், அவர் ஏன் இறந்தார் என்று கண்டறியும் கடமை அரசுக்குரியது. சட்டத்தில் இதற்கு ஐயம் இல்லை. அந்தக் கடமையை நிறைவேற்ற ஆகும் செலவு முழுவதையும் அரசு ஏற்கிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

திடீர் மரண விசாரணை அதிகாரிக்கு நீதி அமைச்சின் வழியாகக் கொடுப்பனவு கிடைக்கிறது. பிரேதப் பரிசோதனை செய்யும் வைத்தியருக்குச் சுகாதாரத் துறை சம்பளம் தருகிறது. பொலிஸாருக்குத் தனி நிதி உண்டு. ஆனால் இந்த மூன்று நிறுவனங்களுக்கும் நடுவே சடலம் மலையிலிருந்து கீழே இறங்க வேண்டும். வைத்தியசாலையில் காத்திருக்க வேண்டும். உறவினர் வேலையை விட்டு வந்து வாக்குமூலம் தர வேண்டும். பரிசோதனை முடிந்தபின் சடலம் மீண்டும் லயத்துக்கு ஏற வேண்டும். இந்த இடைச் செலவுகள் நடைமுறையில் துக்க வீட்டின் தலையில் விழுகின்றன. கடன், தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் சிறு தொகை, அயலார் தரும் கைக்காசு, சில வேளை தோட்ட நிர்வாகம் தரும் லொறி ஆகியவற்றால் அவை சமாளிக்கப்படுகின்றன.

அரசின் விசாரணையை இறந்தவரின் குடும்பம் தன் கைப்பணத்தால் தாங்கிப் பிடிக்கும் இந்த நிலை ஏன் ஏற்பட்டது? பிரதேச சபையும் மாகாண சபையும் இதில் ஏற்க வேண்டிய பங்கு என்ன? பதுளை மாவட்டத்தை முன்வைத்து இவற்றை ஆராயலாம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்டத்தின் மக்கள்தொகை 8 இலட்சத்து 15 ஆயிரம். அவர்களுள் ஏறக்குறைய 18 சதவீதத்தினர் இந்தியத் தமிழர் எனப் பதிவான மலையக மக்கள்.

2. சட்டம் வகுத்த ஒழுங்கு

இலங்கையில் மரண விசாரணை 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி நடக்கிறது. தற்கொலை, விபத்து, விலங்கு அல்லது இயந்திரத்தால் நேர்ந்த சாவு, திடீர்ச் சாவு, காரணம் அறியப்படாத சாவு ஆகியவை பற்றித் தகவல் கிடைத்ததும், விசாரணை அதிகாரி சடலம் கிடக்கும் இடத்துக்கு உடனே செல்ல வேண்டும். அங்கேயே விசாரித்து, காயங்களையும் வெளிப்படும் காரணத்தையும் குறித்து அறிக்கை எழுதி, அருகிலுள்ள நீதவானுக்கு அனுப்ப வேண்டும். பொலிஸ் காவலிலோ சிறையிலோ மனநோய் வைத்தியசாலையிலோ நிகழும் மரணங்களை நீதவானே விசாரிக்க வேண்டும். தேவையெனில் அரசாங்க வைத்திய அதிகாரியிடம் பிரேதப் பரிசோதனை கோரலாம். புதைத்த சடலத்தைத் தோண்டியெடுக்கவும் கட்டளையிடலாம்.

சடலம் இருக்கும் இடத்துக்கு அதிகாரி செல்ல வேண்டும் என்பதே சட்டத்தின் அடிப்படை எண்ணம். குளவி கலைந்த தேயிலை மலையும், முறிந்து விழுந்த மரக்கிளையும், இடிந்த லயச் சுவரும் பேசும் சாட்சிகள். ஆனால் பெரும்பாலான சந்தர்ப்பங்களில் சடலமே அதிகாரியைத் தேடிச் செல்கிறது. உயிர் இருக்குமோ என்ற நம்பிக்கையில் தோட்ட மக்கள் பாதிக்கப்பட்டவரை வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்கிறார்கள். அங்கே மரணம் உறுதி செய்யப்படுகிறது. விசாரணையும் அங்கேயே நடந்து முடிகிறது. சம்பவ இடம் பல வேளைகளில் வாக்குமூலத்தில் மட்டுமே இடம்பெறுகிறது.

திடீர் மரண விசாரணை அதிகாரி ஒரு பிரதேசத்துக்கென நியமிக்கப்படுபவர். மாதச் சம்பளம் பெறும் நிரந்தர அரச ஊழியர் அல்லர். செய்யும் விசாரணைக்கேற்பக் கொடுப்பனவு பெறுபவர். சட்டப் பட்டமோ வைத்தியப் பட்டமோ இப்பதவிக்கு நிபந்தனையில்லை. இவர்களில் பலர் நள்ளிரவிலும் கடமைக்கு வரும் பொறுப்புள்ளவர்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். குறை அமைப்பில் இருக்கிறது. வாகனமும் எழுத்தரும் மொழிபெயர்ப்பாளரும் இல்லாத ஒருவரிடம், நீதித்துறையின் முதல் ஆவணத்தை எழுதும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

3. செலவு எங்கே விழுகிறது

பதுளை மாவட்டத்தின் நில அமைப்பை மனதில் கொள்ளாமல் இச்செலவை விளங்கிக்கொள்ள முடியாது. மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுல, பூனாகலை, கொஸ்லந்தை போன்ற பகுதிகளின் தோட்டப் பிரிவுகள் பிரதான வீதியிலிருந்து உள்ளே தள்ளியிருப்பவை. லயத்திலிருந்து தோட்டப் பாதை, அங்கிருந்து சிறு நகரம், அங்கிருந்து பதுளை என்று சடலத்தின் பயணம் நீள்கிறது. சிக்கலான மரணங்களுக்குப் பதுளை போதனா வைத்தியசாலையின் சட்ட வைத்திய அதிகாரியிடம் போக வேண்டியிருக்கிறது.

முதற்செலவு வாகனம். நோயாளியை ஏற்றும் அம்புலன்ஸ் சடலத்தை ஏற்றுவதற்கானதன்று. ஆகவே வாடகை வேன், மலர்ச்சாலையின் வாகனம் அல்லது தோட்ட லொறி. இரண்டாம் செலவு காத்திருப்பு. வார இறுதியிலோ போயா தினத்திலோ மரணம் நேர்ந்தால் பரிசோதனை தள்ளிப்போகலாம். உறவினர் பதுளையில் தங்கவோ மீண்டும் மீண்டும் வந்து போகவோ வேண்டும். நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு நாளும் இழந்த சம்பளம். மூன்றாவது, சடலத்தைப் பக்குவப்படுத்தி, பெட்டியில் வைத்து, மேலே கொண்டுபோகும் செலவு. நான்காவது அதற்குப் பின் தொடங்குகிறது. நச்சுப் பரிசோதனைக்கு எடுத்த மாதிரிகள் கொழும்புக்கு, அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குச் செல்கின்றன. அறிக்கை வரும்வரை காரணம் முடிவாகாமல் நிற்கலாம். அதுவரை வழக்கும் நகராது. நட்டஈட்டுக் கோரிக்கையும் நகராது.

இறப்புச் சான்றிதழ் வெறும் தாள் அன்று. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஊழியர் சேமலாப நிதி, 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஊழியர் நம்பிக்கை நிதி, 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் பணிக்கொடை ஆகிய எல்லாவற்றையும் வாரிசுகள் கோருவதற்கு அது வேண்டும். வேலையின்போது நேர்ந்த மரணம் என்றால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கோரிக்கை எழுகிறது. அங்கே மரணத்தின் காரணம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது தீர்மானகரமானது.

குளவிக் கொட்டு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. மலையகத் தோட்டங்களில் குளவி கொட்டித் தொழிலாளர் இறந்த செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. குளவி நஞ்சுக்கு உடல் காட்டும் கடும் ஒவ்வாமையால் நேரும் மரணத்தில், பிரேதப் பரிசோதனையின்போது வெளிப்படையான அடையாளங்கள் மிகக் குறைவாக இருக்கக்கூடும். கொட்டிய தடங்களைக் கவனமாகத் தேடிப் பதிவதும், உரிய இரத்த மாதிரியைக் காலம் தாழ்த்தாமல் எடுப்பதும், சம்பவ இடத்தின் தகவல் வைத்தியர் கைக்கு எட்டுவதும் முக்கியம். இவற்றில் ஒன்று தவறினாலும், ஏற்கெனவே இதயக் கோளாறு இருந்த ஒருவரின் சாவு மாரடைப்பு என்று மட்டும் எழுதப்படும் வாய்ப்பு உண்டு. ஒரு சொல்லின் வேறுபாட்டில் ஒரு குடும்பத்தின் நட்டஈடு தங்கியிருக்கிறது.

4. தோட்டம் உள்ளூராட்சிக்கு வெளியே வைக்கப்பட்ட வரலாறு

சாதாரணக் கிராமத்தில் இத்தகைய செலவு எழுந்தால், உள்ளூர் சபை உறுப்பினரிடம் கேட்கலாம் என்ற எண்ணமாவது இருக்கும். தோட்டத்தில் அந்த எண்ணம் வேர்பிடிக்கவில்லை. காரணம் மக்களின் அறியாமை அன்று. ஒன்றரை நூற்றாண்டாகச் சட்டம் அப்படி இருந்தது.

கோப்பிக் காலத்தில் தோட்டத் தொழிலாளரின் மரண வீதம் பெரும் சர்ச்சையானது. அதன் விளைவாக 1872இலிருந்து மருத்துவத் தேவைகள் பற்றிய கட்டளைச் சட்டங்கள் வந்தன. 1912இல் அவை புதிய வடிவம் பெற்றன. நோயாளரைக் கவனிப்பதும் அவர்களைப் பற்றி மருத்துவ அதிகாரிக்கு அறிவிப்பதும் தோட்ட முகாமையாளரின் கடமையாயின. இதற்கான பணம் தோட்டங்கள் மீதான சிறப்பு விதிப்புகளிலிருந்து வந்தது. கிராமத்துக்கு ஒரு நிர்வாகம், தோட்டத்துக்கு வேறொரு நிர்வாகம் என்ற பிரிவு சுகாதாரத்திலும் நிதியிலும் இப்படி உறுதியாயிற்று. இன்றும் 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் தோட்டத்தில் நிகழும் மரணத்தை அறிவிப்பதில் தோட்ட முகாமையாளருக்குத் தனிப் பொறுப்பு அளிக்கிறது.

உள்ளூராட்சி வாக்குரிமையிலும் இதே பிரிவுதான். 1930களின் இறுதியில் கிராமச் சபைக் கட்டளைச் சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டங்களில் வசிக்கும் தொழிலாளர் அச்சபைகளின் வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். இந்திய–இலங்கை உறவில் அது பெரும் கசப்பை உண்டாக்கியது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நாட்டுரிமையையே பறித்தது. முழுமையான தீர்வு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை இழுபட்டது.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்தபோதும் கதவு முழுதாகத் திறக்கவில்லை. அதன் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாகவே விளங்கிக்கொள்ளப்பட்டது. தோட்ட மக்கள் சபைக்கு வாக்களிக்கலாம், உறுப்பினராகவும் வரலாம். ஆனால் தம்மைத் தெரிவுசெய்தவரின் லயத்துக்குப் பாதை போட அந்த உறுப்பினரால் இயலாது. 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டமே இத்தடையைத் தளர்த்தியது.

மரண விசாரணைச் செலவை இவ்வரலாற்றோடு சேர்த்தே பார்க்க வேண்டும். தேசியமயமாக்கலும், 1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டதும், அதன்பின் தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசு ஏற்றதும் தோட்ட நிர்வாகத்தின் பழைய கடமைகளைக் குறைத்தன. அக்கடமைகளைக் கையேற்க வேண்டிய உள்ளூராட்சியோ சட்டத்தால் கட்டுண்டு நின்றது. ஒருவர் விட்டதை மற்றவர் எடுக்காத அந்த இடத்தில்தான் சடலத்தோடு குடும்பம் தனியே நிற்கிறது.

5. வாகனம் தருபவர் யார்?

தோட்ட நிர்வாகம் லொறி தருகிறது, பெட்டிக்கு உதவுகிறது. பிறகென்ன குறை என்று கேட்கப்படலாம். பல முகாமையாளர்கள் மனிதாபிமானத்தோடு நடந்துகொள்வது உண்மையே. ஆயினும் வேலைத்தளத்தில் நேர்ந்த மரணத்தில் தொழில்வழங்குநர் ஒரு தரப்பு. மரத்தை உரிய காலத்தில் வெட்டினாரா, குளவிக்கூட்டைப் பற்றி முன்பே முறையிட்டும் அந்த மலைக்கே ஆட்களை அனுப்பினாரா, முதலுதவி இருந்ததா என்பவை விசாரணையில் எழ வேண்டிய கேள்விகள். அக்கேள்விகளுக்குப் பதில்சொல்ல வேண்டியவரே மரணத்தை அறிவிப்பவராகவும், வாகனம் தருபவராகவும், சாட்சிகளுக்குச் சம்பளம் கொடுப்பவராகவும், அவர்கள் குடியிருக்கும் லயத்தின் நிர்வாகியாகவும் இருக்கிறார்.

அவர் எந்தத் தவறும் செய்யாதவராகவே இருக்கலாம். அப்படியிருந்தாலும், அவருடைய லொறியில் சடலத்தை ஏற்றிவந்த குடும்பம் அவர்மீது விசாரணை அதிகாரியிடம் குறை சொல்லத் தயங்கும். பொது நிதியில் ஒரு வாகனம் வந்திருந்தால் அந்தத் தயக்கம் குறைந்திருக்கும். ஆகவே போக்குவரத்துச் செலவு நலன்புரி விடயம் மட்டுமன்று. விசாரணையின் சுதந்திரம் அதில் தங்கியிருக்கிறது.

பொதுக் கவனம் குவியும்போது நிலை எப்படி மாறும் என்பதை 2021 ஜூலையில் கண்டோம். நுவரெலியா மாவட்டத்தின் டயகமத் தோட்டத்திலிருந்து கொழும்பு வீடொன்றுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுமி தீக்காயங்களால் இறந்தாள். சடலம் சொந்த ஊரில் புதைக்கப்பட்டது. மலையகமெங்கும் எழுந்த குரலுக்குப் பின், நீதிமன்றக் கட்டளையின்பேரில் ஜூலை 30ஆம் திகதி அது தோண்டியெடுக்கப்பட்டுப் பேராதனையில் மூவர் கொண்ட நிபுணர் குழுவால் மீண்டும் பரிசோதிக்கப்பட்டது. சட்டத்தில் வழி இருக்கிறது, நிபுணர்கள் இருக்கிறார்கள், அரசு நினைத்தால் செலவும் செய்யும் என்பதை அச்சம்பவம் நிறுவியது. செய்தியாகாத மரணங்களுக்கும் அதே கவனம் வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

6. மொழியும் ஒரு செலவுத் தலைப்பு

தோட்டத் தாய் ஒருத்தி தன் மகனின் சாவைப் பற்றித் தமிழில் சொல்கிறாள், அதைக் கேட்பவர் சிங்களத்தில் எழுதுகிறார், எழுதியதை அவளால் வாசிக்க முடியாது, கையொப்பமிடுகிறாள். இந்த ஓட்டத்தில் நடுவில் நிற்பவர் பல வேளைகளில் தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரர், தோட்ட உத்தியோகத்தர் அல்லது வைத்தியசாலைச் சிற்றூழியர். பயிற்சியும் பொறுப்புறுதியும் இல்லாத மொழிபெயர்ப்பில்தான் தற்கொலைக்கும் விபத்துக்கும் இடையிலான எல்லை தீர்மானமாகிறது.

அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, மொழிச் சிறுபான்மையினர் கணிசமாக வாழும் பிரதேச செயலகப் பிரிவுகளை இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்ய இடமளிக்கிறது. அதன்படி 1999இல் பதுளை மாவட்டத்தின் பண்டாரவளை, ஹல்துமுல்ல, ஹாலிஎல, அப்புத்தளை, மீகஹகிவுல, பசறை ஆகிய பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாயின. நீதிமன்றத்திலும் மொழிபெயர்ப்பு வசதி பெறும் உரிமை 24ஆம் உறுப்புரையில் உண்டு. மரண விசாரணை நீதவானுக்குச் செல்லும் ஆவணம் என்பதால் இவ்வுரிமையின் உணர்வு அதற்கும் பொருந்தும். பிரகடனத்துக்குப் பின்னால் ஆளும் பணமும் வர வேண்டும். இருமொழி விசாரணை அதிகாரியை நியமிப்பதற்கும், தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளருக்கு நாட்கூலி தருவதற்கும் நிதி ஒதுக்காத வரை உரிமை காகிதத்திலேயே தங்கும்.

7. ஒரு சாவின் பதிவு பல உயிர்களுக்கு

மரண விசாரணையைக் குற்றம் கண்டுபிடிக்கும் கருவியாக மட்டும் பார்ப்பது குறுகிய பார்வை. இலங்கையின் தற்கொலை வீதம் 1995இல் இலட்சத்துக்கு 47 என்ற உச்சத்தைத் தொட்டது. அவற்றில் பெரும்பகுதி பூச்சிகொல்லி அருந்தியவை. எந்த நஞ்சு எத்தனை உயிரைக் கொள்கிறது என்ற அறிவின்மேல் நின்றே அரசு கொடிய பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்தது. 2008 முதல் 2011 வரையான காலத்தில் பரகுவாட், டைமெத்தோயேட், பென்தியோன் ஆகியவை விலக்கப்பட்டன. தற்கொலை வீதம் உச்சத்திலிருந்து மூன்றிலொரு பங்குக்கும் கீழே இறங்கியது. உலகம் பாராட்டிய இச்சாதனைக்கு ஒவ்வொரு மரணத்தின் காரணத்தையும் பதிந்த அறிக்கைகளே அடித்தளம்.

தாய்மார் மரணத்திலும் அப்படியே. கர்ப்பகாலத்திலும் அதன் பின்னும் நிகழும் தாயின் மரணம் ஒவ்வொன்றும் தனித்தனியே ஆராயப்பட வேண்டும் என்ற ஒழுங்கு நாட்டில் வேரூன்றியிருக்கிறது. தாய்மார் மரண வீதத்தில் இலங்கை தெற்காசியாவுக்கு முன்மாதிரியாக நிற்பதற்கு அந்த ஒழுங்கும் ஒரு காரணம். இதே அக்கறையைத் தோட்டத்தின் குளவி மரணங்கள்மீதும் இளையோர் தற்கொலைகள்மீதும் ஏன் காட்டக்கூடாது? ஒரு பிரதேச சபைப் பிரிவில் ஓராண்டில் நேர்ந்த திடீர் மரணங்களைக் காரணவாரியாக, தோட்டவாரியாகத் தொகுத்தால், எந்த மலையில் குளவிக்கூடு அகற்ற வேண்டும், எந்த லயத்தின் மின்கம்பி மாற்ற வேண்டும், எந்தச் சரிவில் குடியிருப்பை நகர்த்த வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

சடலமே கிடைக்காத மரணங்கள் இன்னொரு குறையை வெளிப்படுத்துகின்றன. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள்மீது மலை சரிந்தது. காணாமற்போனோர் நூற்றுக்கணக்கில் என்று முதலில் பேசப்பட்டது. பின்னர் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. மண்ணுக்குள் போன பலர் மீட்கப்படவே இல்லை. லயத்தில் அன்று யார் யார் இருந்தார்கள் என்பதற்கு நம்பகமான ஒரே பதிவு இல்லாததே அந்தத் தடுமாற்றத்தின் வேர். சடலம் இருக்கும் இடத்துக்குச் செல் என்று சொல்லும் சட்டம் சடலம் இல்லாதபோது திகைத்து நிற்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்ததும் இதனால்தான். 2025 நவம்பர் இறுதியில் திட்வா சூறாவளி நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது பதுளை மாவட்டமும் மண்சரிவுகளில் கடுமையாக அடிபட்டது. பேரிடர்கள் திரும்பத் திரும்ப வரும் மாவட்டத்தில், மரணத்தை விசாரித்துப் பதியும் ஆற்றலைப் பேரிடர் ஆயத்தத்தின் பகுதியாகவே கருத வேண்டும்.

8. விசாரணையை உள்ளூராட்சியிடமே ஒப்படைக்கலாமா?

மரண விசாரணையை உள்ளூராட்சி நிதியில் நடத்தும் நாடுகள் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மரண விசாரணை நீதிபதியை நியமிப்பதும் அவருடைய அலுவலகச் செலவைத் தாங்குவதும் உள்ளூர் மன்றங்களின் கடமை. 2009ஆம் ஆண்டுச் சட்டம் தலைமை விசாரணை நீதிபதி என்ற தேசியப் பதவியை உருவாக்கியது. நிதிப் பொறுப்பை உள்ளூரிலேயே விட்டது. விளைவாக, மன்றத்தின் வசதிக்கேற்ப விசாரணையின் வேகமும் தரமும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. 2021இல் பிரித்தானியப் பொதுச்சபையின் நீதிக் குழு ஒருங்கிணைந்த தேசிய சேவையைப் பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. நியூசிலாந்து 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வேறு வழியைத் தேர்ந்தது. பகுதிநேர விசாரணையாளர்களுக்குப் பதிலாக, சட்டத் தகைமையுள்ள முழுநேர விசாரணையாளர்களைத் தேசிய நிதியில் அமர்த்தியது. நம்முடைய பகுதிநேர, கொடுப்பனவு முறைக்கு மிக நெருக்கமான பாடம் அதுவே.

பதுளை மாவட்டத்தில் இங்கிலாந்து முறையை நகலெடுப்பது ஆபத்தானது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, வருமானம். பண்டாரவளை மாநகர சபைக்கு நகர வணிகம் தரும் வருவாய் லுணுகலை, ஹல்துமுல்ல பிரதேச சபைகளுக்குக் கிடைக்காது. தோட்டப் பரப்பு மிகுந்த சபைகளிடம் விசாரணைச் செலவைச் சுமத்தினால், ஏழைச் சபையின் எல்லைக்குள் இறந்தவருக்கு ஏழை விசாரணைதான் கிடைக்கும்.

இரண்டாவது, சுதந்திரம். 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்த 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் திரண்டுவந்த கும்பலால் கொல்லப்பட்டனர். 2003இல் விதிக்கப்பட்ட மரண தண்டனைகளை 2005இல் உயர் நீதிமன்றம் நீக்கி, தண்டிக்கப்பட்டிருந்தவர்களை விடுவித்தது. அக்கொலைகளுக்கு இன்றுவரை எவரும் பொறுப்புக் கூறவில்லை. உள்ளூர்ச் சூழல் ஒரு சமூகத்துக்கு எதிராகத் திரளும்போது, அந்தச் சூழலின் வாக்குகளை நம்பியிருக்கும் சபை விசாரணையின் பணப்பெட்டியை வைத்திருக்கக்கூடாது. காரணம் கண்டறியும் அதிகாரம் நீதித்துறையிலேயே, தேசிய நிதியிலேயே இருக்க வேண்டும்.

9. பங்கீடு எப்படி அமையலாம்

அதற்காக உள்ளூராட்சியை முற்றாக விலக்கி வைப்பதும் பழைய தவறின் தொடர்ச்சியே. விசாரிக்கும் அதிகாரத்தையும் விசாரணைக்குத் துணைநிற்கும் சேவைகளையும் பிரித்தால் வழி தெளிவாகும்.

மத்திய அரசு: விசாரணை அதிகாரிகளை முழுநேர, பயிற்சி பெற்ற, சம்பளம் பெறும் சேவையாக்க வேண்டும். மேற்சொன்ன ஆறு இருமொழிப் பிரிவுகளிலும் தமிழில் விசாரித்து எழுதக்கூடியவரை நியமிக்க வேண்டும். பகுப்பாய்வு அறிக்கைகளின் தாமதத்தைக் குறைக்க ஊவாவுக்கு அருகே ஆய்வுகூட வசதி வேண்டும்.

மாகாணம்: 13ஆம் திருத்தத்தின்படி போதனா வைத்தியசாலைகளும் சிறப்பு வைத்தியசாலைகளும் தவிர்ந்தவை மாகாண விடயம். தோட்டங்களுக்கு அண்மையிலுள்ள வைத்தியசாலைகளில் குளிரூட்டப்பட்ட பிரேத அறை அமைப்பது மாகாண நிதியின் பொறுப்பாகலாம். 2014 செப்டெம்பரில் தெரிவான ஊவா மாகாண சபையின் காலம் 2019இல் முடிந்தபின் தேர்தல் நடக்கவில்லை. ஆளுநரிடம் முழு நிர்வாகமும் தங்கியுள்ள இந்நிலையில், தோட்ட மக்களின் சார்பில் மாகாண நிதியைக் கேள்வி கேட்க அவர்களுடைய பிரதிநிதி எவரும் இல்லை. இதுவும் நிதிக் குறைபாட்டின் ஒரு காரணம்.

உள்ளூராட்சி: சடலத்தைக் கொண்டுசெல்லவும் திருப்பிக் கொண்டுவரவும் ஒரு வாகனம், சுடுகாட்டுக்கும் லயத்துக்கும் பாதை, தோட்ட மயானங்களின் பராமரிப்பு, உறவினர் தங்க ஓர் இடம். சந்தேகம் உள்ள மரணங்களில் எரிக்காமல் புதைக்கும்படி கட்டளையிடப்படுவதால், மயானத்தில் இடமும் புதைகுழியின் அடையாளமும் நீதித் தேவையாகவே மாறுகின்றன. 33ஆம் பிரிவு திருத்தப்பட்டபின் இவற்றுக்குச் செலவிட முன்பிருந்த தடை இல்லை.

பணம் எங்கிருந்து வரும்? நீதவான் நீதிமன்றங்கள் விதிக்கும் தண்டப்பணமும் காணி உரிமை மாற்றத்தின் முத்திரைத் தீர்வையும் மாகாண சபை வழியாக உள்ளூராட்சி மன்றங்களுக்கு வந்து சேர்கின்றன. மரண விசாரணை அறிக்கை சென்று சேரும் அதே நீதிமன்றத்தின் வருவாயில் ஒரு சிறு பங்கை விசாரணைத் துணைச் சேவைக்கென ஒதுக்குவது நியாயமான பொருத்தம். வருவாய் குறைந்த சபைகளுக்கு, நிதி ஆணைக்குழுவின் பரிந்துரையோடு மத்திய மானியம் ஈடுசெய்யலாம். வேலைத்தள மரணங்களில் தோட்டக் கம்பனி அச்செலவைச் சபைக்கு மீளச் செலுத்த வேண்டும். குடும்பத்துக்கு நேரடி உதவியாகக் கொடுக்கும் முறை நீங்க வேண்டும். அப்போது பணம் கம்பனியுடையதாக இருந்தாலும் வாகனம் பொதுமக்களுடையதாக இருக்கும்.

பாதையும் குடிநீருமே இல்லாத சபைகளிடம் இதைக் கேட்பது முறையா என்ற மறுப்பு வரக்கூடும். ஒரு சபைப் பிரிவில் ஆண்டில் நிகழும் திடீர் மரணங்கள் கணக்கிடக்கூடிய அளவினவே. பாதை அமைப்போடு ஒப்பிட இச்செலவு சிறிது. ஒரு குடும்பத்துக்கோ அது மாதக்கணக்கான கடன். சிறிய பொதுச் செலவால் பெரிய தனித்துயரைத் தடுக்க முடியுமானால், அதுவே உள்ளூராட்சி எடுத்துச் செய்ய வேண்டிய வேலை.

10. முடிவு

திடீர் மரண விசாரணையின் சட்டம் ஊவாத் தோட்டங்களுக்கும் மற்ற இடங்களுக்கும் ஒன்றே. அதன் செலவு விழும் விதம் ஒன்றல்ல. தோட்டத்தை உள்ளூராட்சிக்கு வெளியே வைத்த நீண்ட வரலாறும், தொழில்வழங்குநரைச் சார்ந்த வாழ்க்கையும், மொழித் தடையும் சேர்ந்து அரசின் கடமையைக் குடும்பத்தின் கடனாக மாற்றியுள்ளன. விசாரணை அதிகாரம் தேசிய நிதியில் சுதந்திரமாக இருக்க வேண்டும், அதைத் தாங்கும் சேவைகள் உள்ளூராட்சியின் சட்டபூர்வச் செலவாக வேண்டும், இரண்டையும் குழப்பக்கூடாது.

2025 மே 6ஆம் திகதி தெரிவான பிரதேச சபைகளில் தோட்டங்களின் பிரதிநிதிகள் அமர்ந்திருக்கிறார்கள். பசறை, லுணுகலை, ஹாலிஎல, அப்புத்தளை, ஹல்துமுல்ல சபைகளில் அடுத்த வரவுசெலவுத் திட்டம் வாசிக்கப்படும்போது, சடலப் போக்குவரத்துக்கு ஒரு தலைப்பையும் ஒரு தொகையையும் முன்மொழிய அவர்களால் முடியும். அப்படி முன்மொழிவதற்குப் புதிய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அப்படி முன்மொழியாத உறுப்பினரிடம் காரணம் கேட்பது வாக்களித்தவர்களின் உரிமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத் தண்டப்பணம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று எழுத்தில் கேட்கலாம். அக்கேள்வியைத் தமிழிலேயே கேளுங்கள். தமிழிலேயே பதில் கோருங்கள்.